இலைகளும் கனியும்: வெளிப்பக்தியைக் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாற்கு 11-ம் அதிகாரத்தில் இயேசு பெத்தானியாவிலிருந்து எருசலேமுக்குப் போகும் வழியில் அவருக்குப் பசி உண்டாகிறது. இலை தழைத்த ஓர் அத்திமரம் தூரத்தில் தெரிகிறது. கிட்டே போய்ப் பார்த்தால் இலைகளைத் தவிர வேறொன்றும் இல்லை. இனி உன்னிடத்தில் ஒருவரும் கனி புசியாதிருக்கட்டும் என்று அவர் சொல்லிவிட்டுப் போகிறார். மறுநாள் காலையில் அந்த மரம் வேரோடே பட்டுப்போயிருக்கிறது.

இந்தப் பகுதியை வேதபாட வகுப்பில் எடுக்கும்போதெல்லாம் கேள்விகள் அத்திமரத்தில் தொடங்கி, கேட்பவரின் சொந்த வீட்டுக்குள் வந்து நிற்கும். அப்படித் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளையும், வேதத்தை வைத்து நான் சொல்லிவரும் பதில்களையும் இங்கே எழுதுகிறேன்.

அத்திப்பழக் காலம் இல்லை என்று மாற்குவே எழுதுகிறார். பிறகு ஏன் அந்த மரத்தைச் சபிக்கவேண்டும்? அது அநியாயம் இல்லையா?

நியாயமான கேள்வி. பஸ்கா பண்டிகை மார்ச் கடைசியிலோ ஏப்ரலிலோ வரும். அந்தத் தேசத்தில் அத்தியின் பெரிய அறுவடை ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில்தான். ஆனால் அத்திமரம் வருடத்துக்கு ஒருமுறை மட்டும் காய்ப்பதில்லை. முந்தின வருடத்துக் கிளைகளில் வசந்த காலத்திலேயே, இலை துளிர்க்கும்போதே இளங்காய்கள் தோன்றும். அவற்றில் சில ஜூன் வாக்கில் முதற்பழமாகப் பழுக்கும். உன்னதப்பாட்டு 2:13 பேசுவது இந்த இளங்காய்களைப் பற்றி. ஏசாயா 28:4 பேசுவது அந்த முதற்பழத்தைப் பற்றி. ஆக, பஸ்கா சமயத்தில் இலை தழைத்து நிற்கிற மரத்தில் காயாவது இருக்கவேண்டும். இலையில்லாமல் நின்ற மற்ற மரங்களை இயேசு தேடிப்போகவில்லை. இந்த மரத்தின் இலைதான் அவரை அழைத்தது.

பல வேத விளக்கவுரையாளர்கள் இப்படித்தான் விளக்குகிறார்கள், எனக்கும் இது பொருந்துகிறது. ஆனால் மரத்தின் இயல்பைவிட, மாற்கு இந்தச் சம்பவத்தை எங்கே வைத்திருக்கிறார் என்பது அதிகம் பேசுகிறது. முதலில் மரம் சபிக்கப்படுகிறது. அடுத்து இயேசு தேவாலயத்துக்குள் போய்க் காசுக்காரரின் பலகைகளையும் புறா விற்கிறவர்களின் ஆசனங்களையும் கவிழ்க்கிறார். அதன்பிறகு பட்டுப்போன மரம் மறுபடியும் வருகிறது. மரத்தின் கதைக்கு நடுவே ஆலயத்தின் கதை. எருசலேம் தேவாலயம் அன்று பார்க்கிறவர்கள் வியக்கும் கட்டடம். பலிகள் குறைவில்லாமல் நடந்தன. பண்டிகைக்குக் கூட்டம் அலைமோதியது. அந்த இடத்தில் நின்றுதான் இயேசு எரேமியா 7-ம் அதிகாரத்தின் "கள்ளர் குகை" என்ற வார்த்தையை எடுத்துச் சொன்னார்.

அந்த அதிகாரத்தைத் திறந்து முழுவதும் படியுங்கள். திருடி, கொலைசெய்து, விபசாரம்பண்ணி, பொய்யாணை இட்டு, பிறகு ஆலயத்தில் வந்து நின்று "விடுதலை பெற்றோம்" என்று சொல்லும் ஜனத்தை எரேமியா கண்டிக்கிறார். குகை என்பது கள்ளர் திருடும் இடம் அல்ல, திருடிவிட்டு வந்து ஒளிந்துகொள்ளும் இடம். ஆராதனை அப்படி ஒரு ஒளிவிடமாக மாறமுடியும் என்பதுதான் இந்தப் பகுதியில் நம்மை நடுங்கவைக்கும் செய்தி. ஏறக்குறைய 40 வருடங்கள் கழித்து, கி.பி. 70-ல் அந்த ஆலயம் ரோமப் படைகளால் இடிக்கப்பட்டது.

அப்படியானால் இலைகளே வேண்டாமா? ஆராதனை, உபவாசம், காணிக்கை எல்லாம் வெறும் வேஷமா?

இல்லை. இலையில்லாத மரமும் கனி தராது. பரிசேயர் ஒற்தலாம் (புதினா), வெந்தயம், சீரகம் வரைக்கும் தசமபாகம் செலுத்தி, நீதியையும் இரக்கத்தையும் விசுவாசத்தையும் விட்டுவிட்டார்கள் என்று மத்தேயு 23:23-ல் இயேசு கடிந்துகொள்கிறார். ஆனால் அதே வசனத்தின் முடிவில், இவைகளையும் செய்யவேண்டும், அவைகளையும் விடாதிருக்கவேண்டும் என்கிறார். அவர் தாமே ஜெப ஆலயத்துக்குப் போகும் வழக்கமுள்ளவர், உபவாசித்தவர், அதிகாலையில் எழுந்து தனியிடத்தில் ஜெபித்தவர்.

"எனக்குச் சடங்கு வேண்டாம், உள்ளம் சுத்தமாக இருந்தால் போதும்" என்று சொல்பவர்களைப் பார்க்கிறோம். சபையில் காயப்பட்டவர்கள் சிலர் இந்த முடிவுக்கு வருவது எனக்குப் புரிகிறது. ஆனால் ஜெபமும் வேதமும் ஐக்கியமும் இல்லாமல் உள்ளம் தானாகச் சுத்தமாகிவிடும் என்று வேதம் எங்கும் சொல்லவில்லை.

கனி என்றால் சரியாக என்ன? எத்தனை பேரைக் கர்த்தரிடம் கொண்டுவந்தோம் என்பதா?

வேதம் பல காரியங்களைக் கனி என்று சொல்கிறது. ரோமர் 1:13-ல் பவுல் தம் ஊழியத்தின் பலனை அப்படிச் சொல்கிறார். எருசலேமிலிருந்த ஏழைப் பரிசுத்தவான்களுக்காகச் சேர்த்த பண உதவியும் (ரோமர் 15:28) உதடுகளின் ஸ்தோத்திரமும் (எபிரெயர் 13:15) கனிகள்தான். ஆகவே ஆத்தும ஆதாயத்தை யாரும் தள்ளிவிடக்கூடாது.

ஆனாலும் இந்த விஷயத்தில் கலாத்தியர் 5-ம் அதிகாரத்துக்கே எல்லோரும் வந்து சேரவேண்டும். அன்பு, சந்தோஷம், சமாதானம், நீடியபொறுமை, தயவு, நற்குணம், விசுவாசம், சாந்தம், இச்சையடக்கம். இந்தப் பட்டியலைச் சுவரில் மாட்டியிருக்கிறோம், சிறுவர்களுக்கு மனப்பாடமாகச் சொல்லிக்கொடுக்கிறோம். அது எந்தச் சண்டையின் நடுவில் எழுதப்பட்டது என்பதை மறந்துவிடுகிறோம். கலாத்திய சபைகளில் ஒரு வெளி அடையாளத்தைக் குறித்துத்தான் பிரச்சினை: புறஜாதியிலிருந்து வந்த விசுவாசிகள் விருத்தசேதனம் பண்ணிக்கொள்ளவேண்டுமா? யார் முழுமையான விசுவாசி என்பதைச் சரீரத்தில் காட்டக்கூடிய ஓர் அடையாளத்தால் முடிவுசெய்ய முயன்றார்கள். விளைவு என்ன? ஒருவரையொருவர் கடித்துப் பட்சிக்கிறீர்கள் என்று பவுல் எழுதும் நிலை (5:15).

மாம்சத்தின் கிரியைகள் என்று அவர் கொடுக்கும் பட்டியலையும் கவனியுங்கள். விபசாரமும் வெறிகளும் அதில் இருக்கின்றன. அவற்றைப் பற்றிப் பிரசங்கம் கேட்டிருக்கிறோம். ஆனால் நடுவில் வரிசையாக நிற்பவை பகைகள், விரோதங்கள், வைராக்கியங்கள், கோபங்கள், சண்டைகள், பிரிவினைகள், மார்க்கபேதங்கள், பொறாமைகள். இவை எல்லாம் ஆராதனைக்கு ஒழுங்காக வருகிறவர்களிடத்தில் செழித்து வளரக்கூடியவை. ஆவியின் கனியும் அப்படியே: அதில் பெரும்பகுதி இன்னொரு மனிதர் இல்லாமல் வெளிப்படவே முடியாதது. யாரும் எரிச்சல்மூட்டாத இடத்தில் நீடியபொறுமை என்று ஒன்று இருக்கிறதா என்றே தெரியாது.

என் அழுத்தமான நம்பிக்கை இதுதான்: மரம் தன் கனியைத் தானே தின்பதில்லை. நம் கனி எப்படிப்பட்டது என்று அறிந்தவர்கள் நம்மோடு வாழ்கிறவர்களும், நமக்குக் கீழே வேலை செய்கிறவர்களும், நம்மிடம் பணம் காசு விஷயத்தில் சம்பந்தப்பட்டவர்களுமே.

பெரிய வரங்கள் உள்ளவர்கள், அற்புதம் செய்கிறவர்கள்? தேவன் அவர்களோடு இருக்கிறார் என்பதற்கு அதுவே அத்தாட்சி அல்லவா?

மத்தேயு 7:22-ஐப் பாருங்கள். "உமது நாமத்தினாலே" தீர்க்கதரிசனம் உரைத்தோம், பிசாசுகளைத் துரத்தினோம், அநேக அற்புதங்களைச் செய்தோம் என்று அநேகர் அந்நாளில் சொல்வார்கள். நீங்கள் பொய் சொல்லுகிறீர்கள், அப்படி எதுவும் செய்யவில்லை என்று இயேசு பதில் சொல்வதாக அங்கே இல்லை. "நான் ஒருக்காலும் உங்களை அறியவில்லை" என்கிறார். மத்தேயு 10-ல் வியாதியஸ்தரைச் சொஸ்தமாக்க அனுப்பப்பட்ட பன்னிருவரில் யூதாஸ்காரியோத்தும் ஒருவன். கொரிந்து சபை ஒரு வரத்திலும் குறைவுபடவில்லை என்று பவுலே எழுதுகிறார்; அதே சபையில் கட்சிகள், சகோதரனுக்கு விரோதமான வழக்குகள், கர்த்தருடைய பந்தியில்கூட ஏழைகளைப் பட்டினி போட்ட அவமானம் எல்லாம் இருந்தன.

ஆதிச் சபையினர் இதில் நம்மைவிடக் கவனமாக இருந்தார்கள் என்று தோன்றுகிறது. டிடாகே என்னும் மிகப் பழைய சபைக் கையேடு, ஊர் ஊராக வரும் தீர்க்கதரிசிகளை எப்படிச் சோதிப்பது என்று சொல்கிறது. ஆவியில் பேசுகிற எல்லாரும் தீர்க்கதரிசிகள் அல்ல, கர்த்தருடைய வழிகள் யாரிடத்தில் உண்டோ அவரே தீர்க்கதரிசி. தனக்கென்று பணம் கேட்டால் அவன் கள்ளத்தீர்க்கதரிசி. கற்பிக்கும் சத்தியத்தைத் தான் செய்யாவிட்டால் அவனும் கள்ளத்தீர்க்கதரிசியே. ஒரு ஊழியரைப் பற்றி முடிவெடுக்கும் முன் இந்த மூன்றையும் கேட்டுப்பார்க்கலாம்.

எனக்குள் கனி இருக்கிறதா என்று நான் எப்படித் தெரிந்துகொள்வது?

யோவான்ஸ்நானனிடம் ஜனங்கள் இதையேதான் கேட்டார்கள். மனந்திரும்புதலுக்கு ஏற்ற கனிகளைக் கொடுங்கள் என்று அவர் சொன்னதும், "நாங்கள் என்ன செய்யவேண்டும்?" என்றார்கள். லூக்கா 3:10-14-ல் அவர் கொடுத்த பதில்களில் வழிபாடு சம்பந்தமாக ஒரு வார்த்தை கிடையாது. இரண்டு அங்கி உள்ளவன் இல்லாதவனுக்குக் கொடுக்கட்டும். வரி வசூலிக்கும் ஆயக்காரர் கட்டளையிட்டிருப்பதற்கு அதிகமாய் வாங்கக்கூடாது. போர்ச்சேவகர் யாரையும் மிரட்டக்கூடாது, பொய்யாய்க் குற்றஞ்சாட்டக்கூடாது, தங்கள் சம்பளம் போதும் என்று இருக்கவேண்டும். ஒவ்வொருவருக்கும் அவரவர் தொழிலில், அவரவர் கைக்கு எட்டிய பாவத்தில்தான் பதில் கிடைத்தது.

அதே மாதிரி நம்மை நாமே கேட்கலாம். என்னைவிட அதிகாரம் குறைந்தவர்களிடம் நான் எப்படிப் பேசுகிறேன்? என் தவறை ஒருவர் சுட்டிக்காட்டும்போது எனக்கு முதலில் வருவது விளக்கமா, மன்னிப்பா? வாங்கிய கடனைத் திருப்பிக் கொடுக்கிறேனா, அல்லது கொடுத்தவரும் விசுவாசிதானே என்று தள்ளிப்போடுகிறேனா? நாவை அடக்காதவனுடைய தேவபக்தி வீண் என்று யாக்கோபு 1:26 சொல்கிறது. "ஜெபிப்பதற்காகச் சொல்கிறேன்" என்ற முன்னுரையோடு இன்னொருவருடைய இரகசியத்தை எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன்?

இன்னும் ஒன்று, இது கடினம். உங்கள் துணைவரிடமோ, வளர்ந்த பிள்ளைகளிடமோ, கூட வேலை செய்பவரிடமோ நேராகக் கேளுங்கள்: "கடந்த சில வருடங்களில் நான் மாறியிருக்கிறேனா? எதில்?" பதில் சொல்லும் நேரத்தில் குறுக்கே பேசாதீர்கள். அவர்கள் பயந்து பயந்து பேசினால், அந்தப் பயமே உங்களுக்கு ஒரு பதில்.

கனியைப் பார்த்து மற்றவர்களை நியாயந்தீர்க்கலாமா?

குற்றவாளிகளென்று தீர்க்காதிருங்கள் என்பதும், கனிகளினாலே அவர்களை அறிவீர்கள் என்பதும் ஒரே அதிகாரத்தில், மத்தேயு 7-ல்தான் இருக்கின்றன. இரண்டாவது, ஆட்டுத்தோல் போர்த்திவரும் கள்ளப்போதகர்களைக் குறித்துச் சொல்லப்பட்டது. மந்தையைக் காக்க அவர்களைச் சோதிக்கவேண்டும். முதலாவது, என் கண்ணில் உத்திரத்தை வைத்துக்கொண்டு சகோதரன் கண்ணிலுள்ள துரும்பைத் தேடுகிற பழக்கத்துக்கு எதிராகச் சொல்லப்பட்டது. ஆராதனையில் பக்கத்து இருக்கைக்காரரின் கனியை எண்ண யாரும் நம்மை நியமிக்கவில்லை. அப்படி எண்ணத் தொடங்கிய ஒருவனுடைய ஜெபம் லூக்கா 18-ல் இருக்கிறது. அவன் ஆயக்காரனைச் சுட்டிக்காட்டித் தேவனுக்கு ஸ்தோத்திரம் சொன்னான்.

நான் ஜெபிக்கிறேன், வேதம் வாசிக்கிறேன், ஆனால் கோபம் என்னை விடுவதில்லை. நான் மாயக்காரனா?

இந்தக் கேள்வியைக் கண்ணீரோடு கேட்பவர்களுக்கு முதலில் இதைச் சொல்ல விரும்புகிறேன்: மாயக்காரன் இந்தக் கேள்வியைக் கேட்பது அபூர்வம். இயேசு யாரை மாயக்காரர் என்று அழைத்தார் என்று சுவிசேஷங்களில் தேடிப்பாருங்கள். பாவத்தோடு போராடித் தோற்றவர்களை அவர் ஒருமுறையும் அப்படி அழைக்கவில்லை. மறுதலித்துவிட்டு மனங்கசந்து அழுத பேதுருவை அல்ல. பாதத்தைக் கண்ணீரால் நனைத்த பாவியான ஸ்திரீயை அல்ல. "என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று கதறிய தகப்பனை அல்ல. மனுஷர் காண வேண்டுமென்று தர்மம் செய்தவர்களையும், விதவைகளின் வீடுகளைப் பட்சித்துவிட்டு நீண்ட ஜெபம் பண்ணினவர்களையும், பரலோகராஜ்யத்தின் கதவை மற்றவர்கள் முகத்தில் சாத்தினவர்களையுமே அழைத்தார்.

பலவீனத்துக்கும் வேஷத்துக்கும் உள்ள வித்தியாசம், அதை நீங்கள் வெளிச்சத்தில் வைக்கிறீர்களா என்பதில்தான். அனனியாவும் சப்பீராளும் நிலத்தின் பணத்தில் ஒரு பங்கை வைத்துக்கொண்டது குற்றம் அல்ல. அது உன்னுடையதாயிருந்ததல்லவா என்று பேதுருவே கேட்கிறார். முழுவதும் கொடுத்தவர்களைப்போல வந்து நின்றதுதான் குற்றம்.

ஆகவே கோபக்காரராகிய நீங்கள் செய்யவேண்டியது, கோபம் இல்லாதவரைப்போல நடிப்பதை நிறுத்துவது. யாரைக் காயப்படுத்தினீர்களோ அவரிடம் போய், காரணம் சொல்லாமல் மன்னிப்புக் கேளுங்கள். நம்பத்தகுந்த ஒருவரிடம் இதைச் சொல்லி, உங்களை விசாரித்துக்கொண்டே இருக்கச் சொல்லுங்கள். கை நீட்டும் அளவுக்குக் கோபம் போகிறதென்றால், ஜெபக்குறிப்போடு நிறுத்தாமல் பயிற்சி பெற்ற ஆலோசகரிடம் போங்கள். வீட்டில் இருப்பவர்களின் பாதுகாப்பு உங்கள் நற்பெயரைவிட முக்கியம்.

கனி வர எவ்வளவு காலம் ஆகும்? மனந்திரும்பிய உடனே மாற்றம் தெரியவேண்டாமா?

சில காரியங்களில் தெரியும். சகேயு அன்றைக்கே எழுந்து நின்று, ஆஸ்தியில் பாதியை ஏழைகளுக்குக் கொடுக்கிறேன், அநியாயமாய் வாங்கினதை நாலத்தனையாய்த் திருப்பிக் கொடுக்கிறேன் என்றான். சில காரியங்களில் நாம் வெட்கப்படும் அளவுக்குத் தாமதமாகிறது.

ஜான் நியூட்டன் என்ற ஆங்கிலேய மாலுமியின் வாழ்க்கை எனக்கு அடிக்கடி நினைவுக்கு வரும். 1748-ல் அட்லாண்டிக் கடலில் கப்பல் மூழ்கும் தருவாயில் அவர் தேவனை நோக்கிக் கூப்பிட்டார். அந்த நாளைத் தம் மனமாற்றத்தின் தொடக்கமாக வாழ்நாள் முழுவதும் நினைவுகூர்ந்தார். ஆனால் அதற்குப் பிறகுதான் அவர் அடிமை வியாபாரக் கப்பல்களுக்குத் தலைவரானார். கப்பலில் தம் மாலுமிகளுக்கு ஆராதனை நடத்தினார். அதே கப்பலின் அடித்தட்டில் ஆப்பிரிக்க மக்கள் சங்கிலியால் பிணைக்கப்பட்டுக் கிடந்தார்கள். 1754-ல் உடல்நலக் குறைவால் கடல் தொழிலை விட்டார். 1764-ல் குருப்பட்டம் பெற்றார். உலகமே பாடும் கிருபையின் பாடலை (Amazing Grace) எழுதினார். அடிமை வியாபாரத்தில் தமக்கிருந்த பங்கை வெளியரங்கமாக அறிக்கையிட்டு, அதை எதிர்த்துச் சிறுநூல் வெளியிட்டது 1788-ல். கப்பலை விட்டு 34 வருடங்கள் கழித்து. அதன்பின் பாராளுமன்ற விசாரணையிலும் அந்த வியாபாரத்தின் கொடுமைகளைச் சாட்சியாகச் சொன்னார். 1807-ல் பிரிட்டன் அந்த வியாபாரத்தைச் சட்டத்தால் தடைசெய்தது. அதே வருட இறுதியில் அவர் இறந்தார்.

இதைச் சொல்லும்போது இரண்டு உணர்வுகளும் எனக்குள் வரும். தேவனுடைய பொறுமை எவ்வளவு நீண்டது! கூடவே, அந்தத் தாமதத்துக்கு விலை கொடுத்தவர் நியூட்டன் அல்லவே. அவருடைய ஜெபங்கள் ஏறிக்கொண்டிருந்தபோது அடித்தட்டில் இருந்தவர்களே விலை கொடுத்தார்கள். நம் பரிசுத்தம் மெதுவாக வளர்கிறது என்று ஆறுதல் சொல்லிக்கொள்ளும்போது, அதுவரை யார் காயப்படுகிறார்கள் என்றும் கேட்கவேண்டும்.

லூக்கா 13-ல் மூன்று வருடம் கனி தராத அத்திமரத்துக்காகத் தோட்டக்காரன் பரிந்து பேசுகிறான்: இந்த வருஷமும் இருக்கட்டும், சுற்றிலும் கொத்தி எருப்போடுவேன். கிருபை காலக்கெடுவை நீட்டியது. கெடுவே இல்லை என்று அந்த உவமை சொல்லவில்லை.

முயற்சி செய்தால் கனி வருமா?

கனியைக் குறிவைத்து முயன்றால் பெரும்பாலும் இன்னும் நல்ல இலைகள்தான் கிடைக்கும். ஆதாமும் ஏவாளும் முதல் முதலாகத் தங்களை மூடிக்கொண்டது அத்தி இலைகளால் என்பதை ஆதியாகமம் 3:7 சொல்கிறது. "சாந்தமுள்ளவனாகத் தெரியவேண்டும்" என்ற முயற்சியில் குரலைத் தாழ்த்தக் கற்றுக்கொள்ளலாம். உள்ளே எரிச்சல் அப்படியே இருக்கும்.

யோவான் 15-ல் தம்மைத் திராட்சச்செடியாகவும் சீஷரைக் கொடிகளாகவும் சொல்லும் இயேசு, அவர்களிடம் கனிகொடுங்கள் என்று கட்டளையிடுவதைவிட, என்னில் நிலைத்திருங்கள் என்றே திரும்பத் திரும்பச் சொல்கிறார். என்னையல்லாமல் உங்களால் ஒன்றும் செய்யக்கூடாது என்கிறார். நிலைத்திருப்பது என்றால் சும்மா இருப்பது என்று நினைக்கவேண்டாம். அவருடைய வார்த்தை நம்மில் தங்குவது, அவர் கற்பனைகளைக் கைக்கொள்வது, ஒருவரிலொருவர் அன்பாயிருப்பது என்று அதே அதிகாரம் விளக்குகிறது. முயற்சி உண்டு, 2 பேதுரு 1:5 "அதிக ஜாக்கிரதை" என்றே சொல்கிறது. ஆனால் அந்த முயற்சி கொடி செடியை விட்டுப் பிரியாமலிருக்கும் முயற்சி. இதனால்தான் கனியினால் இரட்சிக்கப்படுகிறோமா, இரட்சிக்கப்பட்டதால் கனி தருகிறோமா என்ற பழைய விவாதத்துக்கும் எபேசியர் 2:8-10 போதுமானது: கிருபையினாலே இரட்சிப்பு, நற்கிரியைகளைச் செய்வதற்கு.

நற்கிரியைகளை மறைக்கவேண்டுமா, காட்டவேண்டுமா?

மத்தேயு 5:16 காட்டச் சொல்கிறது, 6:3 வலதுகை செய்வதை இடதுகை அறியாதிருக்கட்டும் என்கிறது. யாருக்கு மகிமை என்பதே அளவுகோல். நடைமுறையில் நான் சொல்வது: உதவி பெற்றவரின் முகத்தைப் படமெடுத்துப் பகிராதீர்கள். அவருடைய தேவையை உங்கள் சாட்சியாக்க உங்களுக்கு உரிமை இல்லை.

கிறிஸ்துவை அறியாத சிலர் எங்கள் சபையாரைவிட நல்லவர்களாக இருக்கிறார்களே?

ஆம், இருக்கிறார்கள். அதை மறுக்க முயலவேண்டாம். இயேசுவே ஆசாரியனையும் லேவியனையும் தாண்டிப்போகவிட்டு, அந்நியனான சமாரியனை முன்மாதிரியாக நிறுத்தினார். நூற்றுக்கு அதிபதியைப் பார்த்து, இஸ்ரவேலுக்குள்ளும் இப்படிப்பட்ட விசுவாசத்தைக் காணவில்லை என்று ஆச்சரியப்பட்டார். இந்தக் கேள்வியை ஒரு தாக்குதலாக எடுத்துக்கொள்ளாமல், நமக்கு வந்த கடிந்துகொள்ளுதலாக எடுத்துக்கொள்வதே தாழ்மை. இரட்சிப்பு கிறிஸ்துவில் என்பதை நான் முழு மனதோடு விசுவாசிக்கிறேன். அந்த விசுவாசம் அயலாரின் நற்குணத்தைக் குறைத்துப் பேச எனக்கு அனுமதி தரவில்லை.

ஒரு சபையே இலைகளாக மாறிவிட்டால்? நான் வெளியேறவேண்டுமா?

சர்தை சபைக்கு வந்த கடிதம் வெளிப்படுத்தின விசேஷம் 3-ல் இருக்கிறது: உயிருள்ளவனென்று பெயர்கொண்டிருந்தும் செத்தவனாயிருக்கிறாய். வேறு சபைகளில் கண்டிக்கப்பட்ட கள்ள உபதேசம் எதுவும் சர்தையைக் குறித்துச் சொல்லப்படவில்லை, உபத்திரவமும் சொல்லப்படவில்லை. நல்ல பெயர் இருந்தது. ஆனால் அதே கடிதம், வஸ்திரங்களை அசுசிப்படுத்தாத சிலபேர் அங்கேயும் உண்டு என்கிறது. ஆகவே குறை கண்டவுடன் வெளியேறுவது எப்போதும் சரியான பதில் ஆகாது.

இதற்கு எதிர்ப்புறத்தில் ஒரு காட்சி. 361 முதல் 363 வரை ஆண்ட ரோமப் பேரரசன் ஜூலியன் கிறிஸ்தவத்தை வெறுத்தவன். பழைய தெய்வங்களின் வழிபாட்டை மீட்க அவன் கலாத்தியாவின் தலைமைப் பூசாரிக்கு எழுதிய கடிதத்தில், இந்த "கலிலேயர்" (கிறிஸ்தவர்களை அவன் அப்படித்தான் அழைத்தான்) தங்கள் ஏழைகளை மட்டுமல்ல, நம் ஏழைகளையும் தாங்குகிறார்கள், இது நமக்கு வெட்கம் என்று குறைப்பட்டுக்கொள்கிறான். ஒருவரையொருவர் கடித்துப் பட்சிப்பதாகப் பவுல் எழுதிய அதே கலாத்தியா! மூன்று நூற்றாண்டுகள் கழித்து, சபையின் பகைவன் அதன் கட்டடத்தையோ பாட்டையோ பற்றிப் பேசவில்லை, அது போட்ட சோற்றைப் பற்றிப் பேசினான்.

ஆனால் ஒன்றைத் தெளிவாகச் சொல்லவேண்டும். ஒரு சபை தன் நற்பெயரைக் காக்க, பிள்ளைகளுக்கோ பெண்களுக்கோ நடந்த கொடுமையை மூடி மறைத்தால், "கர்த்தருடைய நாமம் தூஷிக்கப்படும்" என்று சொல்லிப் பாதிக்கப்பட்டவரை வாயடைத்தால், அங்கே பொறுமையாக இருங்கள் என்று நான் சொல்லமாட்டேன். சட்டத்திடம் போங்கள். பாதிக்கப்பட்டவர் பக்கம் நில்லுங்கள். அப்படிப்பட்ட ஆராதனையைப் பார்த்துத்தான் ஆமோஸ் 5:23-ல் கர்த்தர், உன் பாட்டுகளின் இரைச்சலை என்னைவிட்டு அகற்று என்றார்.

நான் நோயாளி, வயதும் ஆகிவிட்டது. சபைக்கே போகமுடியவில்லை. இனி எனக்கு என்ன கனி?

சங்கீதம் 92:14 முதிர்வயதிலும் கனிதருவதைப் பற்றிப் பேசுகிறது. ஓடியாடிச் செய்த வேலைகள் நின்றுபோனதும், கனியே நின்றுவிட்டது என்று பலர் துக்கப்படுகிறார்கள். வேலையையும் கனியையும் ஒன்றாக எண்ணிப் பழகிவிட்டோம். தன்னைக் குளிப்பாட்டுகிறவருக்கு நன்றி சொல்லும் தயவு, வலியில் கசப்பைப் பிள்ளைகள்மேல் கொட்டாத இச்சையடக்கம், வருடக்கணக்கான பகையைத் தொலைபேசியில் முடித்துக்கொள்ளும் சமாதானம் எல்லாம் படுக்கையிலும் விளையும். கவனித்துக்கொள்கிறவர்கள் அதை ருசிப்பார்கள்.

சரி, எங்கே தொடங்குவது?

பட்டுப்போன அத்திமரத்தைக் காட்டிப் பேதுரு கேட்டபோது இயேசு கொடுத்த பதில் விசுவாசத்தில் ஆரம்பித்து, ஜெபத்தில் வந்து, மாற்கு 11:25-ல் மன்னிப்பில் முடிகிறது: நீங்கள் நின்று ஜெபிக்கும்போது ஒருவன்பேரில் உங்களுக்கு ஏதாகிலும் குறை இருந்தால் மன்னியுங்கள். நாம் காயப்படுத்தினவர்களைப் பற்றி மத்தேயு 5:23-24 பேசுகிறது. அங்கே காணிக்கையைப் பலிபீடத்தின் முன்னேயே வைத்துவிட்டு முதலில் போய் ஒப்புரவாகச் சொல்கிறார். ஆகவே அடுத்த ஆராதனைக்கு முன் ஒரு பெயரை எழுதுங்கள், மன்னிக்கவேண்டியவருடையதோ மன்னிப்புக் கேட்கவேண்டியவருடையதோ. பணம் கொடுக்கவேண்டியிருந்தால் பணத்தோடு போங்கள். உங்களுக்குக் கொடுமை செய்தவரென்றால், மன்னிப்பதற்காக அவரை நேரில் சந்திக்கவேண்டிய கட்டாயம் இல்லை. உங்கள் பாதுகாப்பைப் பாருங்கள். நீங்கள் மன்னிப்புக் கேட்டும் அவர் ஏற்றுக்கொள்ளாமல் போகலாம். அப்படியானாலும் அவருக்குச் சேரவேண்டியதைக் கொடுத்துவிட்டு, அவரைப் பற்றி எவரிடமும் குறைசொல்லாமல் திரும்புங்கள்.